பள்ளி லேபை லினக்ஸுக்கு மாற்றினால் பிள்ளைகள் பின்தங்கிவிடுவார்களா?

உங்கள் கேள்வியை என் வார்த்தையில் ஒருமுறை சொல்லிவிடுகிறேன், சரியாகப் புரிந்துகொண்டேனா என்று பார்த்துக்கொள்ளுங்கள். அரசு உதவி பெறும் மேல்நிலைப் பள்ளி ஒன்றில் நீங்கள் கணினி ஆசிரியர். லேபில் 2017-இல் வாங்கிய 24 கணினிகள், எல்லாவற்றிலும் 4 ஜிபி ராம், விண்டோஸ் 10. அதற்கான ஆதரவு 2025 அக்டோபர் 14-ஆம் தேதியோடு முடிந்துவிட்டது. விண்டோஸ் 11 இவற்றில் ஏறாது, மொத்தமாகப் புதிது வாங்குங்கள் என்று கடைக்காரர் விலைப்பட்டியல் கொடுத்துவிட்டார். தாளாளர், “விண்டோஸுக்குப் பதிலாக லினக்ஸ் என்று ஓர் இயங்குதளம் இலவசமாமே, அதைப் போட்டுவிடலாமே” என்கிறார். இலவசத்தை நம்பி இறங்கலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். ஆனால் கடைசி இரண்டு வரிகளில்தான் உங்கள் கவலை இருக்கிறது. கல்லூரியிலும் வேலையிலும் எல்லாரும் விண்டோஸ் வைத்திருக்கும்போது நம் பிள்ளைகள் திணறுவார்களா? லேபில் ஏதாவது நின்றுபோனால் யாரைக் கூப்பிடுவது? இந்த இரண்டுக்கும்தான் பதில் எழுதுகிறேன்.

தென்மாவட்டங்களில் விடுமுறை நாள்களில் பள்ளி லேப்களைக் கட்டற்ற மென்பொருளுக்கு மாற்றிக் கொடுக்கும் வேலையைப் பதினைந்து ஆண்டுகளாகச் செய்துவருகிறேன். என் அனுபவம் ஆறாம் வகுப்பிலிருந்து பன்னிரண்டாம் வகுப்பு வரை உள்ள லேப்களோடு சரி. தொடக்கப் பள்ளிகளில் வேலை செய்ததில்லை, அதனால் அதைப் பற்றிப் பேசமாட்டேன்.

முதலில் ‘இலவசம்’ என்ற சொல். தாளாளரைக் கவர்ந்ததும் உங்களைப் பயமுறுத்தியதும் அதே சொல்தான். தமிழில் நமக்கு ஒரு வசதி உண்டு: ‘இலவசம்’ வேறு, ‘கட்டற்றது’ வேறு. ஒரு மென்பொருளை எதற்கு வேண்டுமானாலும் பயன்படுத்தலாம், உள்ளே எப்படி இயங்குகிறது என்று படித்து மாற்றலாம், அப்படியே நகலெடுத்துக் கொடுக்கலாம், மாற்றியதையும் கொடுக்கலாம் என்ற நான்கு உரிமைகளும் இருந்தால் அது கட்டற்ற மென்பொருள். லினக்ஸ் அந்த வகை. விலை இல்லாமல் கிடைப்பதெல்லாம் அப்படி ஆகிவிடாது. கணித ஆசிரியர்கள் விரும்பும் ஜியோஜீப்ராவையே எடுத்துக்கொள்ளுங்கள். வணிகமல்லாத பயன்பாட்டுக்கு அது இலவசம், பள்ளியில் தாராளமாகப் பயன்படுத்தலாம். ஆனால் வணிக நோக்கில் பயன்படுத்த அவர்களிடம் தனி அனுமதி வாங்க வேண்டும். ஒரு பள்ளிக்கு அந்த நான்கில் எது பெரிது என்று கேட்டால், நகலெடுத்துக் கொடுக்கும் உரிமை என்பேன். வகுப்பில் சொல்லிக்கொடுத்த மென்பொருளைப் பிள்ளை வீட்டுக்கு எடுத்துப் போக ஒரு பென்டிரைவ் போதும். அதைக் கொடுக்கும் ஆசிரியர் எந்தச் சட்டத்தையும் மீறவில்லை. திருட்டு நகலைப் பிள்ளைகள் கையில் கொடுத்துவிட்டு நேர்மையைப் பற்றி வகுப்பெடுக்கும் சங்கடம் அதோடு போய்விடுகிறது.

இது பெரிய அளவில் நடக்குமா என்பதற்குப் பக்கத்து மாநிலமே சாட்சி. கேரளத்தில் ‘ஐ.டி. அட் ஸ்கூல்’ திட்டம் 2001-இல் தொடங்கியது. சில ஆண்டுகளிலேயே டெபியன் என்ற லினக்ஸ் வகையை அடிப்படையாகக் கொண்டு பள்ளிகளுக்கென்று ஒரு லினக்ஸ் தொகுப்பை உருவாக்கினார்கள், பிறகு உபுண்டு என்ற இன்னொரு வகைக்கு மாறினார்கள். 2017-இல் அந்தத் திட்டம் ‘கைட்’ என்ற அரசு நிறுவனமாயிற்று. 2018-இல் ‘லிட்டில் கைட்ஸ்’ என்று மாணவர் மன்றங்கள் தொடங்கி, பிளெண்டர், ஓபன்டூன்ஸ் போன்றவற்றில் அசைபடம் செய்யப் பழக்குகிறார்கள். அங்கே கவனிக்க வேண்டியது மென்பொருள் பட்டியலை அல்ல. பாடநூலே அந்த மென்பொருள்களை வைத்து எழுதப்பட்டது. பத்தாம் வகுப்பு ஐ.டி. செய்முறைத் தேர்வு அதே லினக்ஸில் நடக்கிறது. ஒவ்வொரு பள்ளியிலும் ஓர் ஆசிரியர் ஐ.டி. ஒருங்கிணைப்பாளர், அவருக்கு மேலே மாவட்ட அளவில் பயிற்றுநர்கள். தொகுப்பைத் தயாரித்தவர்களில் பெரும்பாலோரே ஆசிரியர்கள்தான். வகுப்பில் எது உதவும் என்று தெரிந்தவர்கள் செய்ததால் வகுப்புக்குள் போய்ச் சேர்ந்தது.

ஒரு எச்சரிக்கையையும் சேர்த்துச் சொல்கிறேன். கேரளம் இதனால் 3,000 கோடி ரூபாய் மிச்சப்படுத்தியது என்று 2019-இல் செய்திகள் வந்தன, உங்கள் தாளாளரும் அதைப் படித்திருக்கலாம். ஒரு கணினிக்கு ஒன்றரை லட்சம் ரூபாய் மென்பொருள் என்று வைத்து, 2 லட்சம் கணினிகளால் பெருக்கிய கணக்கு அது. எந்தப் பள்ளியும் ஒரு கணினிக்கு ஒன்றரை லட்சத்துக்கு மென்பொருள் வாங்கப்போவதில்லை. ஆகவே மிச்சம் உண்மை, அந்தத் தொகையை நான் எங்கும் எடுத்துச் சொல்வதில்லை. உங்கள் பள்ளியில் இதுவரை உரிமம் இல்லாத நகல்களை ஓட்டியிருந்தால், ரொக்கமாக மிச்சமாவது இன்னும் குறைவுதான். உங்களுக்கு உண்மையில் மிச்சமாவது 24 புதுக் கணினிகளின் விலை.

நம் மாநிலக் கதையையும் சொல்ல வேண்டும், ஏனென்றால் அதில்தான் பாடம் இருக்கிறது. 2011-இல் மாணவர்களுக்கு விலையில்லா மடிக்கணினி கொடுக்கத் தொடங்கியபோது, அவற்றில் விண்டோஸோடு ‘பாஸ்’ லினக்ஸும் இருந்தது. மத்திய அரசின் கணினி ஆய்வு நிறுவனமான சி-டாக்கின் சென்னைப் பிரிவு உருவாக்கிய நல்ல தொகுப்பு, டெபியன் அடிப்படை, தமிழ் இடைமுகம் உள்ளது. அப்படிப்பட்ட மடிக்கணினிகள் நூறுக்கு மேல் என் கைக்கு வந்திருக்கும், பெரும்பாலும் பழுது பார்க்க. பாஸ் லினக்ஸைத் திறந்து பார்த்திருக்கிறோம் என்று சொன்ன பிள்ளைகள் மிகச் சிலர். பல மடிக்கணினிகளில் இடம் போதவில்லை என்று அந்தப் பகுதியையே யாரோ அழித்திருந்தார்கள். பிள்ளைகள்மேல் எனக்கு வருத்தம் இல்லை. பாடத்தில் இல்லை, தேர்வில் இல்லை, ஆசிரியருக்குப் பயிற்சி இல்லை. திரையில் மட்டும் இருந்தது. கேரளத்தில் நிலைத்ததும் இங்கே நிலைக்காததும் ஏறத்தாழ ஒரே மென்பொருள்தான்.

நானே இதை ஒரு பள்ளியில் கற்றுக்கொண்டேன். என் தொடக்க காலத்தில், ஒரு தலைமையாசிரியர் அழைத்ததன் பேரில் இரண்டு நாளில் 18 கணினிகளை மாற்றிக் கொடுத்துவிட்டு வந்தேன். எல்லாம் வேகமாக ஓடியது. ஆறு மாதம் கழித்துப் போனால், பதினெட்டும் பழையபடி விண்டோஸுக்கே போயிருந்தன. அந்த லேபின் ஆசிரியை சொன்னார்: “சார், நீங்க வந்த ரெண்டு நாளும் நான் வெளி டியூட்டியில இருந்தேன். திரும்பி வந்தா என் லேப்ல எனக்கே ஒண்ணும் தெரியல. பிள்ளைங்க முன்னாடி எப்படி நிப்பேன்?” அவர் சொன்னது முழுக்க நியாயம். அன்றிலிருந்து, லேப் ஆசிரியரே உட்கார்ந்து முதல் கணினியில் நிறுவினால்தான் இரண்டாவது கணினியை நான் தொடுகிறேன். உங்கள் விஷயத்தில் கேள்வி கேட்டிருப்பவரே லேப் ஆசிரியர். பாதிக் கிணறு தாண்டியாயிற்று என்று நான் நினைப்பது அதனால்தான்.

இனி முதல் கவலை, பிள்ளைகள் பின்தங்குவார்களா என்பது. நம் மேல்நிலைப் பாடத்திட்டமே விண்டோஸை மட்டும் நம்பி இருந்ததில்லை. பழைய பாடத்திட்டத்தில், வேர்டு, எக்செல்லுக்கு மாற்றான ஸ்டார் ஆபீஸ் படித்த தலைமுறை ஒன்று இருக்கிறது. அவர்கள் வேலைக்குப் போய் வேர்டும் எக்செல்லும் பழகிக்கொண்டார்கள். 2018-இல் வந்த பதினொன்றாம் வகுப்புக் கணினிப் பயன்பாடுகள் பாடநூலில் அதே வகையைச் சேர்ந்த ஓபன் ஆபீஸ்தான் இருக்கிறது. லினக்ஸில் நீங்கள் பயன்படுத்தப்போகும் லிப்ரே ஆபீஸ் அதிலிருந்து 2010-இல் கிளைத்தது, மெனுக்கள் பெரும்பாலும் ஒன்றே. பன்னிரண்டாம் வகுப்புக் கணினி அறிவியலில் பைத்தான் என்ற நிரல் மொழி. அது கட்டற்ற மென்பொருள், லினக்ஸில் கூடவே வருகிறது. பதினொன்றாம் வகுப்பு சி++ நிரல்களை எழுத ஜியானி போன்ற எளிய எடிட்டர் போதும்.

ஒரு விதிவிலக்கை மறைக்கக்கூடாது. பன்னிரண்டாம் வகுப்புக் கணினிப் பயன்பாடுகள் நூலில் பக்க வடிவமைப்புக்கான அடோபி பேஜ்மேக்கர் இருக்கிறது. அது லினக்ஸில் ஓடும் மென்பொருள் அல்ல. ஸ்கிரைபஸ் நல்ல மாற்றுதான், ஆனால் பொதுத்தேர்வுச் செய்முறையில் வெளித்தேர்வாளர் முன்னால் பிள்ளை பேஜ்மேக்கரின் மெனுவைத்தான் சொல்ல வேண்டும். அங்கே கொள்கை பேசி ஒரு பிள்ளையின் மதிப்பெண்ணைப் பணயம் வைக்க எனக்கு மனம் வராது. அந்தப் பாடப்பிரிவு உங்கள் பள்ளியில் இருந்தால், நான்கு கணினிகளில் விண்டோஸை விட்டுவையுங்கள், இணையத்தில் இணைக்காமல்.

வேலையைப் பொறுத்தவரை, எனக்கு உறுதியாகத் தெரிந்தது இது: அட்டவணையில் சூத்திரம் எழுதவும், கடிதத்தில் தலைப்பு நடைகளைப் பயன்படுத்தவும், கோப்புகளை ஒழுங்காக அடுக்கி வைக்கவும் தெரிந்த பிள்ளைக்கு, பொத்தான் இடம் மாறியிருப்பது சில நாள் தொல்லைதான். பொத்தானின் இடத்தை மட்டும் மனப்பாடம் செய்த பிள்ளை, அதே விண்டோஸின் அடுத்த பதிப்பிலேயே தடுமாறுகிறது. லினக்ஸில் படித்தால் மதிப்பெண் கூடும், அறிவு வளரும் என்றெல்லாம் நான் சொல்லமாட்டேன். அப்படிச் சொல்பவர்களையும் அளவோடு நம்புங்கள். நான் கண்ணால் பார்த்த ஒன்றைச் சொல்கிறேன். ஒன்பதாம் வகுப்புப் பிள்ளைகள் சிலர் ஒரு மென்பொருளின் தமிழ் மெனுவில் பிழையான சொல் ஒன்றைக் கண்டுபிடித்தார்கள். அதை மொழிபெயர்த்தவர்கள் தன்னார்வலர்கள், பிழையைச் சொன்னால் திருத்துவார்கள் என்று சொன்னதும், மறுநாளே நான்கு திருத்தங்களை எழுதிக்கொண்டு வந்து நின்றார்கள். கணினிக்குள் இருப்பது யாரோ நம்மைப் போன்றவர்கள் எழுதியது, நாமும் கை வைக்கலாம் என்று பதினான்கு வயதில் ஒரு பிள்ளைக்குத் தெரிவது எனக்குப் பெரிய விஷயம். நான் விடுமுறை நாள்களில் பஸ் ஏறுவதே அதற்காகத்தான்.

உங்களுக்கு உண்மையிலேயே தலைவலி தரப்போவது வேறொன்று, நீங்கள் அதைக் கேட்கவே இல்லை: தமிழ்த் தட்டச்சு. உங்கள் பள்ளியின் வினாத்தாள்கள் எல்லாம் எந்த எழுத்துருவில் இருக்கின்றன என்று நாளைக்குப் பாருங்கள். பாமினியிலோ வானவில் அவ்வையாரிலோ இருந்தால், அவை கணினியைப் பொறுத்தவரை தமிழே அல்ல. ஆங்கில எழுத்துகளின் இடத்தில் தமிழ் வடிவங்களை வரைந்து வைத்த எழுத்துருக்கள் அவை. எழுத்துரு இல்லாத கணினியில் திறந்தால் ‘அம்மா’ என்று அடித்தது ஆங்கிலக் குப்பையாகத் தெரியும். பழகிய ஆசிரியர், “லினக்ஸ் போட்டதும் என் வினாத்தாள் எல்லாம் போச்சு” என்று ஹெச்.எம். அறைக்குப் போய்விடுவார். பல பள்ளிகளில் மாற்றம் நின்றுபோனது இந்த இடத்தில்தான், லினக்ஸின் குறையால் அல்ல. அந்த எழுத்துருவை லினக்ஸிலும் நிறுவினால் பழைய கோப்புகள் படிக்கத் தெரியும், அச்சிடலாம். புதிதாக அடிப்பதை மட்டும், எந்தக் கணினியிலும் தமிழாகவே தெரியும் யூனிகோடு முறைக்கு மாற்றிக்கொள்ளுங்கள். லினக்ஸில் ஐபஸ் என்ற தட்டச்சுக் கருவி வழியாகத் தமிழ்99, ஒலிபெயர்ப்பு, பழைய தட்டச்சுப் பொறி விசைப்பலகை மூன்றுமே கிடைக்கின்றன. கடைசியாகச் சொன்னது முக்கியம்: டைப்ரைட்டிங் ஹையர் பாஸ் செய்த அலுவலக உதவியாளரின் விரல்கள் அப்படியே வேலை செய்யும். பழையதை மாற்றித்தான் ஆக வேண்டும் என்றால், எழுத்துரு மாற்றிகள் உண்டு. ஓபன்-தமிழ் என்ற பைத்தான் நிரல் தொகுப்பிலேயே ஒன்று இருக்கிறது. ஆனால் மாற்றிய வினாத்தாளை ஒரு தமிழாசிரியர் படித்துப் பார்க்காமல் அச்சுக்கு அனுப்பாதீர்கள். கொம்பும் காலும் இடம் மாறும்.

அடுத்து கணினிகள். 2017-இல் வாங்கியவை பெரும்பாலும் இன்டெல்லின் ஆறாம் அல்லது ஏழாம் தலைமுறைச் சில்லுகளாக இருக்கும். விண்டோஸ் 11 எட்டாம் தலைமுறையிலிருந்துதான் ஏற்றுக்கொள்கிறது, அந்த வகையில் கடைக்காரர் பொய் சொல்லவில்லை. உண்மையான உரிமம் உள்ள விண்டோஸ் 10-க்குக் கல்வி நிறுவனங்கள் குறைந்த கட்டணத்தில் மேலும் 3 ஆண்டுகள் வரை பாதுகாப்புத் திருத்தங்கள் வாங்கலாம் என்பதையும் அவர் சொல்லியிருக்கலாம். லினக்ஸ் மின்ட் என்ற தொகுப்பின், குறைந்த ராமுக்கு ஏற்ற எக்ஸ்எஃப்சிஇ பதிப்பு உங்கள் 4 ஜிபி ராமில் நன்றாகவே ஓடும். ஆனால் பழைய ஹார்டு டிஸ்க்கை எடுத்துவிட்டு எஸ்.எஸ்.டி. மாட்டினால் கிடைக்கும் வேகத்தை எந்த மென்பொருளும் தராது. பெற்றோர் ஆசிரியர் கழக நிதியில் ஏதாவது கேட்க முடிந்தால் முதலில் அதைக் கேளுங்கள். லேபில் 32-பிட் கணினி ஏதாவது மிச்சம் இருந்தால் அதில் நேரத்தைச் செலவழிக்காதீர்கள். உபுண்டு முன்பே கைவிட்டது, டெபியனும் 2025-இல் வந்த 13-ஆம் பதிப்போடு அவற்றுக்கான நிறுவியை நிறுத்திவிட்டது.

பிரிண்டரை நிறுவலுக்கு முன்பே சோதியுங்கள். பழைய சிறு லேசர் பிரிண்டர்களில் சில லினக்ஸில் படாதபாடு படுத்தும்; ஒரு பள்ளியில் முழு ஞாயிற்றுக்கிழமையை ஒரே பிரிண்டருக்குக் கொடுத்துவிட்டுத் தோற்றுத் திரும்பியிருக்கிறேன். நிறுவாமலே பென்டிரைவிலிருந்து லினக்ஸை ஓட்டி ஒரு பக்கம் அச்சிட்டுப் பார்த்தால் அரைமணியில் தெரிந்துவிடும். அலுவலகக் கணினியைத் தொடாதீர்கள். டேலியும், டிஜிட்டல் கையொப்பமும், சம்பளப் பட்டியலும் அங்கே இருக்கின்றன. மாணவர் விவரங்களைப் பதியும் எமிஸ் போன்ற அரசுத் தளங்கள் உலாவியில் திறப்பவை, அவற்றால் சிக்கல் இல்லை. இருந்தாலும் சம்பள நாளில் ஒரு சிறு தடங்கல் வந்தாலும் பழி முழுவதும் லினக்ஸின் தலையில் விழும்.

வரிசை என்று கேட்டால், நான் விண்டோஸை முதலில் எடுக்கமாட்டேன். இந்தப் பருவம் முழுவதும் இப்போதுள்ள விண்டோஸிலேயே லிப்ரே ஆபீஸ், ஃபயர்ஃபாக்ஸ், படம் திருத்தும் கிம்ப், ஜியோஜீப்ரா எல்லாவற்றையும் நிறுவி வகுப்பெடுங்கள். ஒரு பருவம் பழகிய பிறகு, அடியில் இருக்கும் இயங்குதளம் மாறியது பல பிள்ளைகளுக்கு உறைக்கவே உறைக்காது. இதற்கிடையில் உங்கள் சொந்தக் கணினியில் லினக்ஸை வைத்து அன்றாட வேலையைச் செய்து பாருங்கள். கோடை விடுமுறையில் லேபில் ஒன்றை மட்டும் உங்கள் கையால் நிறுவி, தமிழ் விசைப்பலகை, பிரிண்டர், மாணவர் கணக்கு எல்லாம் சரிசெய்து, ஒரு வாரம் ஓட்டிவிட்டு, குளோனசில்லா என்ற நகலெடுக்கும் கருவி கொண்டு மற்றவற்றில் நகலெடுங்கள். அதே நகலை ஒரு பென்டிரைவில் பீரோவில் வைத்துப் பூட்டுங்கள். ஒரு கணினி முற்றிலும் கெட்டாலும் ஒரு பீரியடுக்குள் பழையபடி எழுந்துவிடும். அதுவரை விண்டோஸும் லினக்ஸும் ஒரே கணினியில் இருக்கலாமா என்று பலர் கேட்பார்கள். மடிக்கணினிகளில் நடந்ததைத்தான் சொல்வேன். இரண்டும் இருந்தால் பழகியதைத்தான் கை தேடும்.

இணையம் அடிக்கடி அறுந்துபோகிறது என்று எழுதியிருந்தீர்கள். இணையம் இல்லாமலே படிக்க உதவும் கிவிக்ஸ் என்ற மென்பொருள் மூலம் தமிழ் விக்கிப்பீடியாவை முழுவதுமாக இறக்கி லேப் கணினிகளில் வைத்துவிடலாம். சமூக அறிவியல் ஆசிரியரை லேபுக்குள் வரவழைக்க இதைவிட நல்ல வழியை நான் கண்டதில்லை.

யாரைக் கூப்பிடுவது என்ற உங்கள் இரண்டாவது கவலைக்கு என்னிடம் முழுமையான பதில் இல்லை. விண்டோஸ் தெரிந்த பையன் எல்லாத் தெருவிலும் இருக்கிறான், லினக்ஸ் தெரிந்தவர் உங்கள் ஊரில் இல்லாமல் இருக்கலாம். இது உண்மையான குறை. அதே நேரம், லேபில் வரும் அழைப்புகளில் பெரும்பகுதி பென்டிரைவ் வைரஸால் வருபவை. கோப்புகளெல்லாம் ஷார்ட்கட்டாக மாறிவிடும் அந்த வைரஸ் லினக்ஸில் இயங்காது. ஆனாலும் பென்டிரைவில் தொற்றிக்கொண்டு பிள்ளையின் வீட்டு விண்டோஸுக்குப் போகும், அதைச் சொல்லிவையுங்கள். நீங்களே கற்றுக்கொள்ள, ஐ.ஐ.டி. பம்பாயின் ஸ்போக்கன் டுடோரியல் திட்டத்தில் லினக்ஸுக்கும் லிப்ரே ஆபீஸுக்கும் தமிழ்க் குரலில் காணொளிப் பாடங்கள் இருக்கின்றன, ஒவ்வொன்றும் பத்து நிமிடம்போல. கட்டற்ற மென்பொருள் பற்றிய ‘கணியம்’ இணைய இதழ் தமிழிலேயே எழுதுகிறது. சென்னையிலும் விழுப்புரத்திலும் லினக்ஸ் பயனர் குழுக்கள் பல ஆண்டுகளாக இயங்குகின்றன, கேட்டால் பதில் சொல்கிறார்கள். இன்னொன்றும் செய்யுங்கள்: ஒன்பதாம், பதினொன்றாம் வகுப்புகளில் ஆர்வமுள்ள ஐந்தாறு பிள்ளைகளை நிறுவலின்போது உடன் வைத்துக்கொள்ளுங்கள். பத்தாவதும் பன்னிரண்டாவதும் வேண்டாம், அவர்களுக்குத் தேர்வு இருக்கிறது. நான் போய்வந்த பள்ளிகளில் இன்றும் லினக்ஸ் ஓடும் லேப் ஒவ்வொன்றிலும் அப்படி ஒரு சிறு கூட்டம் இருந்தது, மேல் வகுப்புப் பிள்ளைகள் கீழ் வகுப்புக்குச் சொல்லிக்கொடுத்துவிட்டுப் போனார்கள்.

கடைக்காரரிடம் இந்த மாதம் எதற்கும் கையெழுத்திட வேண்டாம். லேபில் ஏதாவது ஒரு கணினியின் சில்லு மாடல், பிரிண்டரின் பெயரும் எண்ணும், பள்ளியில் என்னென்ன கணினிப் பாடப்பிரிவுகள், வினாத்தாள் எழுத்துரு எது என்று நான்கையும் கீழே எழுதுங்கள். எந்தத் தொகுப்பு, எத்தனை கணினியில் விண்டோஸை விட்டுவைப்பது என்பதை அதைப் பார்த்துச் சொல்கிறேன்.